எல்லாக் கதவுக்கும் ஒரே சாவி: அன்னா ஃபிலோசோஃபோவாவும் ரஷ்யப் பெண் கல்விப் போராட்டமும்

(வாசிப்பு வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ரஷ்யாவின் தொடக்ககாலப் பெண்ணியவாதிகளில் ஒருவரான அன்னா ஃபிலோசோஃபோவாவைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று சொன்னதும், முன்வரிசையில் இருக்கும் ஒரு தம்பி என்னிடம் கேட்டார்: "பண்ணையார் வீட்டு அம்மா பள்ளிக்கூடம் திறந்த கதை நமக்கு எதற்கு, தோழர்?"

நல்ல கேள்வி. சாதி ஒழிப்பு பேசுகிறவர்கள் கேட்க வேண்டிய கேள்விதான். "அவரும் பெண்தானே, போராடினாரே" என்று அதற்கு மழுப்பலாகப் பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அவர் யார், எதைச் செய்தார், எதைச் செய்யாமல் விட்டார் என்று மூன்றையும் சொல்கிறேன். முடிவு உங்களுடையது.

முதலில் அவர் பிறந்த சமூகம். ஜார் ஆட்சி ரஷ்யாவில் ஒவ்வொரு மனிதருக்கும் ஒரு சட்டபூர்வமான படிநிலை உண்டு. அதற்கு 'சோஸ்லோவியே' என்று பெயர். பிரபு, மதகுரு, வணிகர், நகரத்துச் சிறுகுடி, விவசாயி என்று வரிசை இறங்கும். பெரும்பாலும் பிறப்பே அதைத் தீர்மானிக்கும். எந்த வரி கட்ட வேண்டும், யாருக்குக் கசையடி கொடுக்கலாம், யாருக்குக் கொடுக்கக் கூடாது என்பதெல்லாம் அதைப் பொறுத்தது. நம் சாதியும் அதுவும் ஒன்றல்ல. அங்கே தீட்டு இல்லை, படிநிலையைக் கடந்து மேலே போனவர்களும் உண்டு. ஆனால் பிறப்பை வைத்து மனிதரை அளக்கும் புத்தி நமக்குப் பழக்கமான புத்திதான்.

அந்த ஏணியின் அடியில் கிடந்தவர்கள் பண்ணையடிமைகள். 1861இல் அடிமைமுறை ஒழிக்கப்பட்டபோது தனியார் பிரபுக்களின் உடைமையாக இருந்தவர்கள் மட்டும் 2 கோடிக்கும் மேல். விடுதலை கிடைத்த பிறகும், தாங்கள் உழுத நிலத்துக்கு அவர்கள் பல பத்தாண்டுகள் தவணை கட்ட வேண்டியிருந்தது. 1907இல்தான் அந்தத் தவணை முறை முடிவுக்கு வந்தது.

இதில் பெண்களின் நிலை என்ன? கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்பது சட்டத்திலேயே எழுதப்பட்டிருந்தது. கணவன் சம்மதம் இல்லாமல் மனைவி தனிக் கடவுச்சீட்டு வாங்க முடியாது. அந்தச் சீட்டு இல்லாமல் உள்நாட்டிலேயே வேறு ஊரில் போய் வாழ முடியாது. ஆனால் அதே ரஷ்யாவில், 1753 முதல் திருமணமான பெண் தன் சொத்தைத் தானே நிர்வகிக்கலாம். ஐரோப்பாவின் பல நாடுகளில் அன்று இல்லாத உரிமை இது. கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? பிரபுகுலப் பெண்ணின் சொத்து என்றால் என்ன? நிலமும், அந்த நிலத்தோடு சேர்ந்த மனிதர்களும். தார்யா சால்திகோவா என்ற சீமாட்டி 38 பண்ணையடிமைகளைக் கொன்ற குற்றத்துக்காக 1768இல் தண்டிக்கப்பட்டார். கொல்லப்பட்டவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஆக, கணவனைக் கேட்காமல் ஊர் விட்டு ஊர் போக முடியாத பெண், மனிதர்களை உடைமையாக வைத்திருக்க முடிந்தது. 'பெண்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் எல்லாரையும் போட்டு மூடிவிட முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அன்னா 1837இல் தியாகிலெவ் என்ற பிரபுக் குடும்பத்தில் பிறந்தார். பிற்காலத்தில் ரஷ்ய பாலே நடனத்தை உலகமெங்கும் கொண்டு சென்ற செர்கேய் தியாகிலெவ் அவருடைய சகோதரரின் மகன்தான். அன்னாவுக்குக் கிடைத்த படிப்பு, வீட்டிலேயே சொல்லிக் கொடுத்த மொழிகளும் நடனமும் சபை நாகரிகமும். வயது இருபதை எட்டுவதற்குள் விளாதிமிர் ஃபிலோசோஃபோவ் என்ற உயர் அதிகாரிக்கு மணமுடித்துக் கொடுத்தார்கள். கணவருடைய குடும்பத்துக்குப் பிஸ்கோவ் மாகாணத்தில் பெரும் பண்ணை இருந்தது. மாமனார் கொடுமைக்குப் பேர் போன பண்ணையார். அங்கே பண்ணையடிமைகள் வாழ்ந்த வாழ்க்கையைக் கண்ணால் பார்த்ததுதான் அன்னாவின் மனதைத் திருப்பியது.

பார்த்தவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பி நடன விருந்துக்குப் போனவர்கள்தான் அதிகம். அன்னாவை வேறு பக்கம் இழுத்தவர் மரியா த்ருப்னிகோவா. மரியாவின் தந்தை 1825 டிசம்பர்க் கிளர்ச்சியில் சேர்ந்து சைபீரியாவுக்கு அனுப்பப்பட்டவர். மரியா பிறந்ததே அந்தச் சைபீரியாவில்தான். தலைநகர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அவர் அன்னாவின் கையில் புத்தகங்களைக் கொடுத்தார். நதேழ்தா ஸ்தாசோவா என்ற மூன்றாமவரும் இவர்களோடு சேர்ந்தார். அடுத்த கால் நூற்றாண்டு ரஷ்யப் பெண்கள் இயக்கத்தை நடத்தியவர்கள் இந்த மூவர்தான். 'முக்கூட்டணி' என்றே அவர்களை அழைத்தார்கள்.

அவர்களுடைய முதல் வேலை கல்வி அல்ல, வீடு. ஏழைப் பெண்களுக்குக் குறைந்த வாடகையில் குடியிருப்பு தரும் சங்கம் ஒன்றை 1859 வாக்கில் தொடங்கினார்கள். கணவனை இழந்தவர்கள், கைவிடப்பட்டவர்கள் பிள்ளைகளோடு தங்கினார்கள். பொதுச் சமையலறை, தையல் வேலை, பிள்ளைகளுக்குப் படிப்பு என்று அது வளர்ந்தது.

ஆரம்பத்திலேயே சங்கத்துக்குள் ஒரு சண்டை வந்தது. ஒரு தரப்பு சொன்னது: உதவி வாங்குகிறவர்களின் வாழ்க்கையை நாம் கண்காணிக்க வேண்டும், ஒழுக்கமாக இருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். த்ருப்னிகோவாவும் அன்னாவும் நின்ற தரப்பு அதை மறுத்தது. அவர்களுக்குத் தேவை பிச்சையல்ல, வேலை. அவர்கள் வீட்டுக்குள் மூக்கை நுழைக்க நமக்கு உரிமை இல்லை என்றது. சமரசம் ஏற்படாமல் சங்கம் இரண்டாகப் பிரிந்தது.

இந்த இடம் எனக்குத் தனிப்பட்ட முறையில் முக்கியம். நான் கல்லூரியில் படிக்கும்போது ஓர் அறக்கட்டளையிலிருந்து உதவித்தொகை வந்தது. கொடுப்பதற்கு முன் இரண்டு பேர் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அடுப்படியை எட்டிப் பார்த்தார்கள். தொலைக்காட்சிப் பெட்டியைப் பார்த்து, "இதெல்லாம் வாங்க முடியுது, ஃபீஸ் கட்ட முடியலையா?" என்று அம்மாவைக் கேட்டார்கள். அது பக்கத்து வீட்டில் ஓசியாகக் கொடுத்த பழைய பெட்டி. அம்மா பதில் சொல்லவில்லை. பணம் வந்தது, நானும் படித்தேன். அம்மா அன்றைக்குத் தலை குனிந்தது மட்டும் மறக்கவில்லை. அதனால்தான், கொடுப்பவளாகப் பிறந்த ஒருத்தி 'எட்டிப் பார்க்கும் உரிமை நமக்கு இல்லை' என்று 1860 வாக்கிலேயே சண்டை போட்டாள் என்று படித்தபோது அவரை மதிக்கத் தொடங்கினேன்.

இனி கல்விக்கு வருவோம்.

1850களின் கடைசியில் பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழக வகுப்புகளில் பெண்கள் போய் உட்காரத் தொடங்கினார்கள். சட்டம் அனுமதிக்கவில்லை, ஆனால் பேராசிரியர்கள் தடுக்கவில்லை. 1861இல் மாணவர் கிளர்ச்சி வெடித்தது. 1863இல் புதிய பல்கலைக்கழகச் சட்டம் பெண்களை வெளியே தள்ளியது. அடுத்த ஆண்டு மருத்துவ அகாதமியும் கதவைச் சாத்தியது.

அங்கிருந்து வெளியேற்றப்பட்டவர்களில் ஒருவர் நதேழ்தா சுஸ்லோவா. அவர் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகருக்குப் போய், 1867இல் மருத்துவப் பட்டம் பெற்றார். ரஷ்யாவின் முதல் பெண் மருத்துவர். அவருடைய தந்தை பண்ணையடிமையாகப் பிறந்து விடுதலை பெற்றவர். நாட்டின் பெண் மருத்துவர் வரிசையைத் தொடங்கி வைத்தது பிரபுவின் மகள் அல்ல, ஒரு பண்ணையடிமையின் மகள். இந்தப் பெயரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அதே 1867இன் இறுதியில் இயற்கை அறிவியலாளர்களின் மாநாடு பீட்டர்ஸ்பர்க்கில் கூடியது. பெண்களுக்கு உயர்கல்வி வேண்டும் என்று எவ்கேனியா கொன்ராதி என்ற பத்திரிகையாளர் அந்த மாநாட்டுக்கு விண்ணப்பம் கொடுத்தார். அடுத்த ஆண்டு, முக்கூட்டணியின் முயற்சியில் சுமார் 400 பெண்கள் கையெழுத்திட்ட மனு பல்கலைக்கழகத்துக்குப் போனது. இங்கிலாந்திலிருந்து ஜான் ஸ்டூவர்ட் மில் ஆதரவுக் கடிதம் எழுதினார். கல்வி அமைச்சர் திமித்ரி தொல்ஸ்தோய்க்குப் பெண்கள் படிப்பதில் துளியும் விருப்பமில்லை. பல்கலைக்கழகம் தர முடியாது, வேண்டுமானால் ஆண்களும் பெண்களும் வரும் பொதுச் சொற்பொழிவுகள் நடத்திக்கொள்ளுங்கள் என்றார்.

கேட்டது முழுதாகக் கிடைக்கவில்லை என்று இவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. கிடைத்ததைப் பிடித்துக்கொண்டு அடுத்ததைக் கேட்டார்கள். 1870இல் விளாதிமிர் வகுப்புகள் தொடங்கின. கல்வி அமைச்சர் மறுத்ததைப் போர் அமைச்சர் மில்யூதினிடம் பெற்றார்கள்: 1872இல் பெண்களுக்கான மருத்துவ வகுப்புகள் இராணுவ மருத்துவ அகாதமியில் திறந்தன. 'மருத்துவர்' என்ற பெயர் கிடைக்கவில்லை, 'கற்றறிந்த மருத்துவச்சி' என்ற பெயரில்தான் சேர்த்தார்கள். அந்தப் பெண்கள் 1877-78 துருக்கிப் போர்க்களத்தில் காயமுற்றவர்களுக்குச் சிகிச்சை அளித்தார்கள்.

இதற்கிடையில் அரசுக்கு ஒரு பயம் வந்தது. சூரிச்சில் படித்த ரஷ்யப் பெண்கள் அங்கே புரட்சியாளர்களோடு பழகினார்கள். 1873இல் ஜார் அரசு ஓர் ஆணை போட்டது: அந்தப் பெண்கள் 1874 ஜனவரி 1க்குள் படிப்பை விட வேண்டும், மீறினால் ரஷ்யாவில் படிப்பும் கிடையாது, தேர்வும் கிடையாது, வேலையும் கிடையாது. அதில் அவர்களுடைய ஒழுக்கத்தைப் பற்றியும் அசிங்கமாக எழுதியிருந்தது. படிக்கும் பெண்ணை வீழ்த்த ஆதிக்கம் கையில் எடுக்கும் முதல் ஆயுதம் எந்த ஊரிலும் அதுதான். ஆனால் வெளிநாட்டில் படிக்கக் கூடாது என்றால் உள்நாட்டில் எங்கே படிப்பது என்ற கேள்வியிலிருந்து அரசு தப்ப முடியவில்லை. 1876இல் பல்கலைக்கழக நகரங்களில் மகளிர் உயர்கல்வி வகுப்புகளுக்கு அனுமதி வந்தது.

1878 செப்டம்பரில் பீட்டர்ஸ்பர்க்கில் அந்த வகுப்புகள் திறந்தன. முதல் தலைவராக இருந்த வரலாற்றாசிரியர் பெஸ்துஷெவ்-ரியூமின் பெயரால் அவை பெஸ்துஷெவ் வகுப்புகள் என்று அழைக்கப்பட்டன. முதல் ஆண்டிலேயே 800 பேருக்கு மேல் சேர்ந்தார்கள். உடலியலுக்குச் செச்செனோவ், வேதியியலுக்கு மெண்டலீவ் போன்றவர்கள் பாடம் எடுத்தார்கள். பெரும்பகுதிச் செலவு மாணவிகளின் கட்டணத்திலும் நன்கொடையிலும்தான் நடந்தது. அந்த நிதியைத் திரட்டும் சங்கத்துக்குத் தலைமை ஏற்றவர் அன்னா. அன்றாட நிர்வாகத்தைச் சுமந்தவர் ஸ்தாசோவா.

அடுத்த ஆண்டே அன்னாவை நாட்டை விட்டு வெளியேற்றினார்கள். புரட்சியாளர்களுக்கு அவர் பணம் கொடுத்து உதவுகிறார் என்று சந்தேகம். அவர் கணவரோ இராணுவத்தின் தலைமை வழக்கறிஞர். அரசியல் கைதிகள் மீது வழக்கு நடத்தும் துறை அவருடையது. அந்த வீட்டிலிருந்தே புரட்சியாளர்களுக்கு உதவி போனது! கணவரின் பதவியை உத்தேசித்து, சைபீரியாவுக்குப் பதிலாக ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். 1881இல்தான் திரும்ப முடிந்தது. ஒரு நெசவாலைப் பெண் இதையே செய்திருந்தால் ஜெர்மனி கிடைத்திருக்காது. இதையும் சேர்த்தே நாம் வரலாறு படிக்க வேண்டும்.

தோழர்களே, நான் சொல்ல வந்த முக்கியமான இடத்துக்கு இப்போது வருகிறேன். 1886, 1887, 1889 என்ற மூன்று ஆண்டுகளைக் கவனியுங்கள்.

1886இல் பெஸ்துஷெவ் வகுப்புகளில் புதிய சேர்க்கையை அரசு நிறுத்தியது. மருத்துவ வகுப்புகளின் சேர்க்கை அதற்கு முன்பே, 1882இல், நின்றிருந்தது.

1887இல் கல்வி அமைச்சர் தெல்யானோவ் ஒரு சுற்றறிக்கை விட்டார். வண்டிக்காரர், வேலைக்காரர், சமையற்காரி, சலவைக்காரி, சில்லறைக் கடைக்காரர் ஆகியோரின் பிள்ளைகளை ஜிம்னாசியம் எனப்படும் உயர்நிலைப் பள்ளிகளில் சேர்க்காமல் தவிர்க்க வேண்டும் என்பது அதன் சாரம். ரஷ்யாவில் இன்றும் அதைச் 'சமையற்காரி பிள்ளைகள் சுற்றறிக்கை' என்றுதான் சொல்கிறார்கள். அதே ஆண்டு யூத மாணவர்களுக்கு உச்சவரம்பு வந்தது: யூதர்கள் குடியிருக்க அனுமதித்த பகுதிகளில் 10%, அதற்கு வெளியே 5%, இரு தலைநகரங்களில் 3%. இதை நம் இடஒதுக்கீட்டோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இடஒதுக்கீடு, உள்ளே விடப்படாதவர்களுக்காகக் கதவைத் திறந்து வைப்பது. இது, இதற்கு மேல் வரக் கூடாது என்று கதவைச் சாத்துவது.

1889இல் பெஸ்துஷெவ் வகுப்புகளை மீண்டும் திறந்தார்கள். எப்படி? கட்டணம் 50 ரூபிளிலிருந்து 100 ரூபிள். கிறித்தவர் அல்லாதவர்கள் 3%க்கு மேல் கூடாது. மொத்த எண்ணிக்கைக்கும் வரம்பு. நிர்வாகம் அரசு நியமித்தவர் கையில். பதினோரு ஆண்டு அந்த நிறுவனத்தைச் சுமந்த ஸ்தாசோவா வெளியே.

ஒரே அரசு, மூன்றே ஆண்டுகளில், பெண்ணுக்கும் சமையற்காரியின் பிள்ளைக்கும் யூதருக்கும் கதவைச் சாத்தியது. பூட்டியவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது, இவை தனித்தனிக் கதவுகள் அல்ல என்று. ஒன்று திறந்தால் மற்றவையும் திறக்கும். அதனால் எல்லாவற்றையும் ஒரே சாவியால் பூட்டினார்கள். இந்த உண்மை திறந்தவர்களுக்கு அந்த அளவு தெரியவில்லை. பெஸ்துஷெவ் வகுப்புகளில் சேர ஜிம்னாசியம் சான்றிதழ் வேண்டும். சமையற்காரியின் மகள் ஜிம்னாசியத்துக்கே போக முடியாதபோது பெஸ்துஷெவ் யாருக்கு? அங்கே படித்தவர்களில் பெரும்பாலோர் பிரபுக்கள், அதிகாரிகள் வீட்டுப் பெண்கள். 1897 கணக்கெடுப்பில் ரஷ்யப் பேரரசில் எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் 100க்கு 13 பேர்தான்.

இந்த விரிசல் 1908 டிசம்பரில் எல்லார் முன்னாலும் வெடித்தது. பீட்டர்ஸ்பர்க்கில் முதல் அனைத்து ரஷ்யப் பெண்கள் மாநாடு. ஆயிரம் பேருக்கு மேல் கூடினார்கள். 71 வயது அன்னா அதன் முகம். எல்லாப் பெண்களும் ஒரே அமைப்பாக இணைய வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் கனவு.

ஆனால் 45 பேர் கொண்ட தொழிலாளர் பெண்கள் குழு ஒன்றும் அங்கே வந்திருந்தது. அதைத் தயார் செய்தவர்களில் முக்கியமானவர் அலெக்சாந்த்ரா கொலந்தாய். அவர் வாதம் எளிமையானது: சீமாட்டிக்கும் அவள் வீட்டு வேலைக்காரிக்கும், ஆலை முதலாளியின் மனைவிக்கும் ஆலைப் பெண்ணுக்கும் ஒரே பெண் பிரச்சினை என்று எதுவும் இல்லை. காவல்துறை தேடியதால் கொலந்தாய் நாட்டை விட்டே ஓட வேண்டியிருந்தது. மாநாட்டின் முடிவில் தொழிலாளர் குழு வெளிநடப்பு செய்தது. அன்னாவின் ஒரே அமைப்பு என்ற கனவு நிறைவேறவில்லை.

மாநாட்டுக்குப் பின் இன்னொன்றும் நடந்தது. பூரிஷ்கேவிச் என்ற தீவிர வலதுசாரி, யூத வெறுப்பாளர், நாடாளுமன்ற உறுப்பினர். மாநாட்டைப் பாலியல் தொழில் விடுதியோடு ஒப்பிட்டு அவர் அன்னாவுக்குக் கடிதம் எழுதினார். நம் தோழிகளுக்குச் சமூக ஊடகத்தில் தினமும் வரும் வசவுதான். அன்னா வெட்கப்பட்டு அதைக் கிழித்துப் போடவில்லை. ஊரறிய வெளியிட்டார். நீதிமன்றம் போனார். அந்த உறுப்பினருக்கு ஒரு மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது. 1912இல் அன்னா இறந்தார்.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 1917இல் மகளிர் தினத்தன்று, பெத்ரோகிராத் என்று பெயர் மாறியிருந்த அதே நகரத்தின் நெசவாலைப் பெண்கள் ரொட்டி கேட்டுத் தெருவில் இறங்கினார்கள். சில நாட்களில் ஜார் ஆட்சி விழுந்தது. அந்த ஆண்டே ரஷ்யப் பெண்களுக்கு ஓட்டுரிமை வந்தது. கடைசியில் அந்தப் பூட்டை உடைத்தவர்களில் முன்னால் நின்றவர்கள் பெஸ்துஷெவ் வாசலைக்கூட மிதித்திராத பெண்கள்.

தம்பியின் கேள்விக்கு வருகிறேன். அன்னாவைப் படத்துக்கு மாலை போட்டுக் கொண்டாடச் சொல்லவில்லை. 'பண்ணையார் வீட்டு அம்மா' என்று தள்ளிவிடவும் சொல்லவில்லை. தனக்குக் கிடைத்த சலுகையை வைத்து அவர் ஒரு கதவைத் திறந்தார். அதற்காக நாடு கடத்தப்பட்டார். உதவி பெறுகிறவரின் மானத்தைக் காத்தார். இவை அவர் கணக்கில் வரவு. அந்தக் கதவு வரை வந்து சேரவே முடியாதவர்கள் யார் என்று இறுதிவரை போதுமான அளவு கேட்கவில்லை. அது பற்று.

உங்களில் பலர் வாசிப்பு வட்டம் நடத்துகிறீர்கள், மாலை வகுப்பு எடுக்கிறீர்கள், பெண்கள் குழு வைத்திருக்கிறீர்கள். அடுத்த கூட்டத்தில் வந்தவர்களை மட்டும் எண்ணாதீர்கள். ஏன் சிலர் வர முடியவில்லை என்று கேளுங்கள். நேரமா, பேருந்துக் கட்டணமா, பேசும் மொழியா, பக்கத்தில் உட்காருகிறவர் பார்க்கும் பார்வையா? வந்தவர்களிடம் கேட்டால் பதில் கிடைக்காது. வராதவர்களின் வீட்டுக்குப் போங்கள். போகும்போது அடுப்படியை எட்டிப் பார்க்காதீர்கள்.